சாகோஸ் தீவு மக்களின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலத்தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவில் சாகோஸ் என்னும் பவளத் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் பெயர் செய்தித்தாளில் அடிபட்டால், அதிலுள்ள மிகப் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் உள்ள அமெரிக்கப் போர்த்தளத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அங்கே ஊர் இருந்தது, கிறிஸ்தவக் கோயில் இருந்தது, இடுகாடு இருந்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் குடும்பம் குடும்பமாக மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வரலாற்றை எங்கே தேடுவது, எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

அங்கே வாழ்ந்தவர்கள் யார்?

தொடக்கத்தில் மனிதர் இல்லாத தீவுகள்தான். 1783இல் மொரிஷியஸைச் சேர்ந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஒருவர் 22 அடிமைகளுடன் டியேகோ கார்சியாவில் குடியேற்றத்தைத் தொடங்கினார். அந்த அடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். 1814இல் மொரிஷியஸோடு சேர்ந்து இந்தத் தீவுகளும் பிரிட்டன் கைக்குப் போயின. 1835இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகு, இந்தியாவிலிருந்தும் கூலிகள் சிறு எண்ணிக்கையில் வந்தார்கள். தொழுநோயாளிகளையும் மொரிஷியஸ் நிர்வாகம் இங்கே அனுப்பியது. ஆமைக்கறி தின்றால் நோய் குணமாகும் என்று அக்காலத்தில் நம்பினார்கள்.

எல்லாருக்கும் ஒரே பிழைப்பு, தென்னைதான். தேங்காயை மட்டை உரித்து, உடைத்து, பருப்பைக் காயவைத்துக் கொப்பரையாக்கி மொரிஷியஸுக்கு அனுப்பினார்கள். கழுதை பூட்டிய செக்கில் எண்ணெயும் ஆட்டினார்கள். மொரிஷியஸ்காரர்கள் இவற்றை ‘எண்ணெய்த் தீவுகள்’ என்றே அழைத்தார்கள். அந்தக் கழுதைகளின் வாரிசுகள் இன்றும் டியேகோ கார்சியாவில் காட்டுக்கழுதைகளாகத் திரிகின்றன. கழுதைக்கு அங்கே இடம் கிடைத்தது. அதைப் பூட்டி ஓட்டியவரின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

மூன்று கண்டங்களிலிருந்து வந்தவர்கள் ஐந்தாறு தலைமுறைகளில் தனி மக்களாகத் திரண்டார்கள். தங்களை ‘இலுவா’, அதாவது தீவார் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கென்று தனிச் சாயலுள்ள கிரியோல் மொழி உருவானது.

அவர்களை வெளியேற்றியது எப்போது?

1965 நவம்பர் 8 அன்று பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரிஷியஸிலிருந்து பிரித்துத் தனி ஆட்சிப்பகுதியாக்கியது. மறு ஆண்டு அமெரிக்காவுடன் போர்த்தள ஒப்பந்தம் கையெழுத்தானது. 1967இல் தென்னந்தோட்டங்களை பிரிட்டன் விலைக்கு வாங்கியது. அதற்குப் பிறகு மருத்துவத்துக்காகவோ உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸுக்குப் போனவர்களிடம், திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1971இல் டியேகோ கார்சியா முழுவதும் காலி செய்யப்பட்டது. அடுத்து அதே தீவுக்கூட்டத்திலுள்ள சலமோன், கடைசியாக 1973இல் பேரோஸ் பான்யோஸ். மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை மொரிஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சாமான் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். நேர்காணல் கொடுத்த முதியவர்களில் பலர் வீட்டைப் பற்றிச் சொல்லும்முன் அந்த நாய்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

‘மறக்கப்பட்ட வரலாறு’ என்கிறீர்கள். மறந்தது யார்?

இந்த மறதி தானாக வந்ததில்லை. கோப்பு போட்டுத் தயாரித்தார்கள். நிலையான குடிமக்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் ஐக்கிய நாடுகள் சபைக்கு பிரிட்டன் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஆகவே அங்கே இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் வந்துபோகும் கூலிகள் மட்டுமே என்று சொல்ல முடிவெடுத்தார்கள். 1966இல் லண்டன் உயர் அதிகாரி ஒருவர், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் இருக்கப்போவதில்லை என்று எழுதினார். பறவைகளோடு சில டார்சன்களும் ஃபிரைடேக்களும் (கதைகளில் வரும் காட்டு மனிதனும் தீவுவாசியும்) இருக்கிறார்களே என்று இன்னோர் அதிகாரி அதற்குக் கீழே குறிப்பு எழுதினார். 1970இல் எழுதப்பட்ட சட்டக் குறிப்பு ஒன்றில் ஒரு பகுதியின் தலைப்பே ‘புனைவைக் காப்பாற்றுதல்’ என்பதுதான். அங்கே பிறந்தவர்களும், பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது அந்த அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் அதே கோப்புகளில்தான் இருக்கிறது.

எனவே சாகோஸ் விஷயத்தில் ஒரு ஞானஸ்நானச் சீட்டும் ஒரு கல்லறைக் கல்லும் குடும்ப ஞாபகம் என்ற அளவோடு நின்றுவிடுவதில்லை. ‘இல்லை’ என்று எழுதிய அரசாங்கத்துக்கு முன்னால் ‘இருந்தோம்’ என்று எடுத்து வைக்கும் சாட்சியம் அது. 2000 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ரகசியக் காலம் முடிந்து வெளிவந்த கோப்புகள் அந்த வழக்குக்குப் பெரிதும் உதவின. வழக்குத் தொடுத்தவர் ஒலிவியே பான்கூல். நான்கு வயதில், காயமடைந்த தங்கையின் மருத்துவத்துக்காகக் குடும்பத்தோடு மொரிஷியஸுக்கு வந்து, ஊர் திரும்ப முடியாமல் போனவர்.

எழுத்து ஆவணங்கள் எங்கெங்கே கிடைக்கும்?

ஒரே இடத்தில் கிடைக்காது. குறைந்தது மூன்று நாடுகளில் தேட வேண்டும்.

முதலில் மொரிஷியஸ். சாகோஸில் நடந்த பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பதியப்பட்டன. தோட்ட நிர்வாகியே பதிவாளராகவும் இருந்தார். அந்தப் பதிவேடுகள் மொரிஷியஸ், செஷல்ஸ் குடிமைப் பதிவகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கத்தோலிக்கப் பாதிரியார்கள் எப்போதாவது கப்பலில் வந்து, ஒரே நாளில் பல குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் போவார்கள். ஆகையால் ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.

அடுத்து லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். மொரிஷியஸுக்கும் அதைச் சார்ந்த தீவுகளுக்குமான அடிமைப் பதிவேடுகள் அங்கே உள்ளன. உடைமைக் கணக்கைப் போல எழுதப்பட்டவை அவை. ஆனாலும் பெயர், வயது, பிறந்த இடம் ஆகியவை இருக்கும். வேறெங்கும் தடயம் விடாத ஒருவருக்கு அந்த ஒற்றை வரிதான் மிச்சம். 1960, 70களின் வெளியுறவுத் துறைக் கோப்புகளும் அங்கேதான்.

எனக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுவது இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொரிஷியஸிலிருந்து நீதிபதிகள் கப்பலேறி, தோட்டம் தோட்டமாகச் சென்று விசாரித்து அறிக்கை எழுதினார்கள். கூலி எவ்வளவு, அரிசிப் படி எவ்வளவு, யாரை எதற்காக அடைத்து வைத்தார்கள், மருந்து இருந்ததா என்றெல்லாம் அவற்றில் வருகிறது. தொழிலாளி ஒருவர் வாய்திறந்து முறையிட்டது எழுத்தில் ஏறிய அரிய இடங்கள் அவை. 1930களில் அங்கே போன ஒரு பாதிரியாரின் பயணக் குறிப்புகளும் உண்டு. கண்டிப்பான மனிதர் எழுதியவை என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

பெயர்களைத் தேடும்போது ஏன் கிடைக்காமல் போகிறது?

பெயரைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். கிரியோலில் சொன்ன பெயரைப் பிரெஞ்சு தெரிந்த எழுத்தர் ஒருவிதமாகவும், ஆங்கிலம் தெரிந்தவர் வேறுவிதமாகவும் எழுதினார்கள். ஊரில் ஒரு கூப்பிடுபெயர், ஏட்டில் இன்னொன்று. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயரும் தம்பிக்கு வேறொன்றும் இருக்கலாம். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாமல், தாயின் பெயர், தீவு, கப்பல், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரே பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது பெரிய உதவி.

தமிழர்களுக்கும் இந்தத் தீவுகளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகம் வழியாகப் பல்லாயிரம் பேர் போனார்கள். சாகோஸுக்கு மொரிஷியஸ் வழியாக வந்த இந்தியக் கூலிகளின் வேரைத் தேடுபவர்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தைத்தான் முதலில் அணுக வேண்டும். குடியேறியவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வந்த கப்பல் ஆகியவை அங்கே பதிவாகியிருக்கின்றன. பலருடைய புகைப்படமும் உண்டு.

நம் வீட்டுப் பேச்சில் இன்றும் உலவும் எம்டனுக்கும் டியேகோ கார்சியா தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய அந்த ஜெர்மன் போர்க்கப்பல், அக்டோபர் மாதம் டியேகோ கார்சியாவுக்குப் போய் நங்கூரம் போட்டது. தீவில் இருந்தவர்களுக்கு உலகப்போர் தொடங்கிய செய்தியே எட்டியிருக்கவில்லை. பகை நாட்டுக் கப்பல் என்று அறியாமல் வரவேற்றார்கள். மாலுமிகள் நிர்வாகியின் இயந்திரப் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். கப்பல் எங்கே நின்றது, என்ன செய்தது என்பதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. கரையில் நின்று அதைப் பார்த்த தோட்டத் தொழிலாளர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள், இந்த வேலை ஏன் தேவை என்பது புரியும்.

அண்மைத் தொடர்பு கசப்பானது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் படகில் சென்ற இலங்கைத் தமிழர்கள் நடுக்கடலில் சிக்கி, டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறந்தவர்கள் திரும்ப முடியாத தீவில், புகல் தேடியவர்கள் வெளியேற முடியாமல் மூன்று ஆண்டுகள் இருந்தார்கள். அந்த முகாம் வாழ்க்கையும் இனி அந்தத் தீவின் சமூக வரலாற்றில் ஒரு பகுதி. அதைத் தமிழில் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமிருந்து வரலாற்றை எப்படி வாங்குவது?

முதலில் அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். 2018 செப்டம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் லிஸ்பி எலிசே என்ற பெண்மணியின் சாட்சியம் காணொளியாகக் காட்டப்பட்டது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரோஸ் பான்யோஸிலிருந்து கர்ப்பிணியாகக் கப்பலேற்றப்பட்டதையும், பிறந்த குழந்தை இறந்துபோனதையும் கிரியோலிலேயே சொன்னார். 2019 பிப்ரவரி 25 அன்று அந்த நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது சட்டப்படி செல்லாது என்று கருத்துரை வழங்கியது.

கேள்வி கேட்பதில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. உட்கார்ந்தவுடன் ‘உங்களை எப்படி விரட்டினார்கள்?’ என்று தொடங்குகிறார்கள். அந்தக் கதையை அவர்கள் வழக்கறிஞர்களிடமும் செய்தியாளர்களிடமும் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். சொல்லிச் சொல்லி அது ஒரே வடிவில் இறுகிப்போயிருக்கும். அதற்குப் பதிலாக, காலையில் வேலைக்கு மணி அடித்தது யார், வீட்டுக்குப் பக்கத்து வீடு யாருடையது, சனிக்கிழமை படி அரிசி வாங்க யார் போவார்கள், பிரசவம் பார்த்தது யார், மழைத் தண்ணீரை எதில் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக ஊருக்குள் போய்விடும். ஒரு தாளைக் கொடுத்து, கோயிலிலிருந்து கடற்கரை வரை வீடுகளை வரையச் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து வரைந்தால் இன்னும் நல்லது. ஒருவர் மறந்த வீட்டை மற்றவர் சொல்வார்.

சொல்லை மொழிபெயர்க்க அவசரப்படாதீர்கள். ‘சாக்ரேன்’ என்று ஒரு சொல். துயரம் என்று எழுதிவிடலாம். ஆனால் மொரிஷியஸ் சேரிகளில் இறந்துபோன உறவினர்களுக்கு மரணக் காரணமாகவே அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். ஊர் ஏக்கத்தில் ஒருவர் சாக முடியும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அப்படிப்பட்ட சொல்லை மூல ஒலியோடு வைத்து, பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும்.

பேச்சு முடிந்ததும், இதை யார் கேட்கலாம், எதை வெளியிடக் கூடாது என்று அவரிடமே கேட்டு, அதையும் பதிவு செய்யுங்கள். 1982இல் இழப்பீடு வாங்கியபோது, படிக்க முடியாத ஆங்கிலப் படிவங்களில் கைரேகை வைத்து ஊர் திரும்பும் உரிமையையே விட்டுக்கொடுத்ததாக ஆக்கப்பட்டவர்கள் இவர்கள். ஆராய்ச்சியாளர் நீட்டும் தாளைப் பார்த்து அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது.

பாட்டையும் சமையலையும் வரலாறு என்று சொல்ல முடியுமா?

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டுத்தோல் கட்டிய வட்டப் பறையை நெருப்பில் காய்ச்சி அடித்து, சனிக்கிழமை இரவுகளில் பாடிய பாட்டுக்கு ‘செகா தம்பூர்’ என்று பெயர். அன்றாட வாழ்க்கையே அதன் பொருள். நாடுகடத்தப்பட்ட பிறகு கப்பலும் பிரிவும் பாட்டுக்குள் வந்தன. 2019இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பாட்டைப் பதியும்போது யார் கட்டியது, எந்தத் தீவில், யாரிடம் கற்றது என்ற மூன்றையும் கேளுங்கள்.

சமையலில் தேங்காய்ப்பால் எங்கும் இருக்கும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த கணவாய் அவர்களுடைய விருந்து. பக்கத்துச் செஷல்ஸ் கிரியோலில் தென்னங்கள்ளுக்கு ‘கலு’ என்று பெயர். நம் காதுக்கு அந்தச் சொல் அந்நியமாகவே இல்லை.

முதியவர்களின் நினைவு இனிப்பாக இருக்கிறது, ஆவணங்கள் கசக்கின்றன. எதை நம்புவது?

இரண்டையும் எழுதுங்கள். தோட்டம் முதலாளியுடையது, நிர்வாகி வைத்ததே சட்டம். கூலி சொற்பம். நீதிபதிகளின் அறிக்கையில் அடைப்பும் அபராதமும் இருக்கின்றன. இவை உண்மை. அதே நேரத்தில் விடியலில் தொடங்கிய வேலை நண்பகல் சுமாருக்கு முடிந்தது, பிறகு மீன்பிடிக்கலாம், கோழியும் பன்றியும் வளர்க்கலாம், வீட்டுக்கு வாடகை கிடையாது என்று அவர்கள் சொல்வதும் உண்மை. பஞ்சம் தெரியாத ஊரிலிருந்து வேலையும் வீடும் இல்லாத மொரிஷியஸ் சேரிக்குத் தள்ளப்பட்டவர், விட்டுவந்த ஊரை எண்ணி உருகுவதில் பொய் இல்லை. தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு நினைக்கிறார் என்பதை மட்டும் படிப்பவருக்குச் சொல்லுங்கள். பெரியவரின் நினைவைத் திருத்தப் போகாதீர்கள்.

கல்லறைகளை எப்படிப் பதிவு செய்வது?

2006இல் சுமார் நூறு பேரை பிரிட்டிஷ் அரசு கப்பலில் அழைத்துச் சென்றபோது அவர்கள் கேட்ட முதல் காரியம் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்வதுதான். 2022 பிப்ரவரியில் மொரிஷியஸ் அனுப்பிய கப்பலில் பேரோஸ் பான்யோஸுக்குப் போனவர்கள், கூரையிழந்த கோயிலுக்குள் முளைத்திருந்த செடிகொடிகளை வெட்டிச் சுத்தம் செய்தார்கள்.

மரச் சிலுவைகள் என்றோ மக்கிவிட்டன. கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணம் தேய்க்காதீர்கள், கம்பித் தூரிகை போடாதீர்கள். பவளக்கல் பொடிந்துவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயிலில் படமெடுத்தால் எழுத்து தெரியும். வெயில் இல்லையென்றால் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியால் ஒளியைச் சாய்த்துப் பாய்ச்சலாம். பெயரில்லாத மேட்டையும் படமெடுத்து, வரைபடத்தில் எண்ணிட்டு வையுங்கள். பேரோ பேத்தியோ ஒருநாள் அடையாளம் சொல்லக்கூடும்.

வீட்டில் உள்ள பழைய தாள், புகைப்படங்களை என்ன செய்வது?

லேமினேட் செய்யாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் இதுதான் பெரியது; சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம். அமிலம் கலக்காத தாளுறையில் தட்டையாக வைத்து, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் ஓரத்தில் பெயர்களை எழுதுங்கள். ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்.

சேகரித்தவை யாரிடம் இருக்க வேண்டும்?

மூலம் குடும்பத்திடமே இருக்கட்டும். ஒரு பிரதி மொரிஷியஸிலும், ஒன்று செஷல்ஸிலும், ஒன்று பிரிட்டனில் கிராலி நகரிலும் இருப்பது நல்லது. 2002இல் குடியுரிமைச் சட்டம் மாறிய பிறகு பலர் அங்கே போய்க் குடியேறிவிட்டார்கள். தீவுகள் யாருடைய நாட்டோடு இருக்க வேண்டும் என்பதில் சாகோஸ் மக்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு தரப்பின் கையில் மட்டும் ஆவணத்தைக் கொடுத்தால் மறுதரப்பு அதை நம்பாது.

இனி அவர்கள் திரும்ப முடியுமா?

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரிஷியஸுக்கு; டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டுகளுக்கு பிரிட்டன் பொறுப்பில். மற்றத் தீவுகளில் மொரிஷியஸ் குடியேற்றம் செய்யலாம். டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு அதில் ஊர் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

காகிதத்திலிருந்து தொடங்காதீர்கள். கியூவில் உள்ள கோப்பு பத்து ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருக்கும். கடைசிக் கப்பலில் கைக்குழந்தையாக வந்தவருக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஊரை நினைவில் வைத்திருக்கும் வயதில் வந்தவர்களுக்கு அறுபதுக்கு மேல், வேலை செய்த வயதில் வந்தவர்களுக்கு எழுபதுக்கு மேல். போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற லிசெத் தலாத்தும், பாடகியான சார்லேசியா அலெக்சிஸும் 2012இல் இறந்துவிட்டார்கள். ஆகவே முதல் வேலை ஒரு முதியவர், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, வீடுகளை வரைய ஒரு பெரிய தாள். அவர் எந்தத் தீவு என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் யார் வீடு என்று கேளுங்கள்.